கப்பலேறிய குளம்

கோரைப்பட்டினத்தில் கிணறு தோண்டினால் கடல்தான் வரும் என்பார்கள். எந்த வீட்டுக் கொல்லையில் எந்த மண்வெட்டி இறங்கினாலும் ஊறுவது உப்புத்தண்ணீர்; ஊர் நடுவே ஆயிக்குளம் என்று ஒரு நன்னீர்க் குளம் இல்லாதிருந்தால் அங்கே துறைமுகமும் இருந்திருக்காது, நெசவும் இருந்திருக்காது, பரங்கிக் கம்பெனிக்காரன் வந்து கொடிமரம் நட்டிருக்கவும் மாட்டான். கோவில்காரர்களும் பள்ளிவாசல்காரர்களும் மாதாகோவில்காரர்களும் ஆளுக்கொரு படித்துறையில் இறங்கி, ஒரே தண்ணீரை மொண்டு, அதிலேயே சமைத்து, அதற்காகவே சண்டையும் போட்டுக்கொண்டிருந்த ஊர் அது. அந்தக் குளத்தைத்தான் விடங்கச் செட்டியார் ஒரு நாள் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்.

செட்டியார் கெட்டவர் இல்லை. கெட்டிக்காரர், அதுதான் வம்பு. கம்பெனிக்குப் போகும் துணிகளின் இழையை எண்ணித் தரம் சொல்வது அவர் தொழில். அதற்காகக் கண்ணாடிச் சில்லைத் தேய்த்துத் தேய்த்துப் பூதக்கண்ணாடி செய்யப் பழகியவர், ஒரு நாள் இழை பார்த்துச் சலித்துப்போய், ஆயிக்குளத்துத் தண்ணீரில் ஒரு சொட்டை அதனடியில் வைத்துப் பார்த்தார். பார்த்தவர் எழுந்திருக்கவில்லை. சொட்டுக்குள் ஒரு திருவிழாக் கூட்டமே இருந்தது. உருண்டு போகிறவை, துடுப்புப் போட்டுப் போகிறவை, ஒன்றின்மேல் ஒன்று இடித்துக்கொண்டு கோபித்துக்கொள்கிறவை என்று அத்தனையும் உயிரோடு இருந்தன. அவர் மனைவி தையல்நாயகி போட்டு வைத்த சோறு காய்ந்து, அதை எறும்பு கண்டுபிடித்து, எறும்பை அவர் கண்டுபிடித்து, அதையும் கண்ணாடியின் அடியில் வைத்தார்.

கண்டதைச் சும்மா வைத்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. கடலுக்கு அப்பால், கம்பெனிக்காரர்களின் தலைநகரத்தில், உலகத்தில் உள்ள புதுமைகளையெல்லாம் விசாரித்து உண்மை பொய் சொல்லும் சாஸ்திர சபை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, கம்பெனித் துபாஷி அருளப்பனை உட்கார வைத்து, தாம் சொல்லச் சொல்ல அவர் பாஷை மாற்றி எழுத, கப்பலுக்குக் கப்பல் கடிதம் அனுப்பினார். முதல் கடிதத்தில் என்னென்ன இருந்தன என்று எழுதினார். இரண்டாவதில் அவை எப்படிப் போகின்றன, எப்படி வருகின்றன என்று எழுதினார். மூன்றாவதில் அவற்றைத் தாம் என்ன செய்தார் என்று எழுதினார்: குளிரவைத்துப் பார்த்தேன், சோர்ந்தன. மிளகை நுணுக்கித் தூவினேன், ஓடின, சில செத்தன. பிறகு கண்ணாடித் தகட்டை அகலின் சுடர்மேல் பிடித்து, பார்த்துக்கொண்டே துளியைச் சுண்டவைத்தேன். சூடு ஏற ஏற ஒன்று நிமிர்ந்து நின்று கை போன்ற உறுப்புகளையெல்லாம் ஆட்டியது. காண அழகாக இருந்தது.

அருளப்பன் இறகுப் பேனாவைக் கீழே வைத்தார். "அழகா இருந்துச்சுன்னு எழுதணுமா, செட்டியாரே?"

"பார்த்ததைத்தானே எழுதணும்? எழுதுங்க."

சபையின் பதில் வெகுநாள் கழித்து வந்தது. தங்கள் வருணனை எங்களை மகிழ்வித்தது, ஆனால் மகிழ்ச்சி வேறு, நிரூபணம் வேறு. எங்கள் ஊர்த் தண்ணீரில் தாங்கள் சொன்ன அளவு கூட்டம் இல்லை. ஆகவே அந்தக் குளத்துத் துளி ஒன்றையே எங்களுக்கு அனுப்பிவைக்கவும். சொன்னது மெய்யானால் தங்களுக்குச் சபையில் ஓர் இருக்கை உண்டு. இருக்கை என்ற சொல்லில் செட்டியார் மயங்கிப்போனார். போய் உட்காரப் போவதில்லை, கடல் தாண்ட அவர் சாதி விடாது, இருந்தாலும் அங்கே தம் பேருக்கு ஒரு நாற்காலி காலியாகக் கிடக்கும் என்று நினைத்தாலே அவருக்கு நெஞ்சு விம்மியது.

ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போகிறவன் ஆயிக்குளத்தில் மொண்ட தண்ணீரில் ஒரு கையளவைத் திருப்பி ஊற்றி, "நீ இரு, இது போயிட்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் மிச்சத்தைக் கொண்டுபோவான். அதற்குப் பேர் தண்ணிக்கு விடை கொடுக்கிறது. தையல்நாயகி அதை ஞாபகப்படுத்தியபோது செட்டியார் சிரித்தார். அனுப்புவதே ஒரு சொட்டு, அதில் எதைத் திருப்பி ஊற்றுவது? மயிர்போல் மெல்லிய கண்ணாடிக் குழாயில் அந்தச் சொட்டை அடைத்து, இரு முனையும் அரக்கு வைத்து, பஞ்சில் பொதிந்து, உதுமான் என்ற கப்பல் கலாசியின் கையில் கொடுத்துக் கப்பலேற்றினார்.

கப்பல் நங்கூரம் தூக்கியதும் குளம் ஆட ஆரம்பித்தது. இலை அசையாத மத்தியானம். தண்ணீர் மேற்குப் படித்துறையில் ஒரு படி ஏறி இறங்கி, கிழக்குப் படித்துறையில் ஒரு படி ஏறி இறங்கி, தூளி ஆட்டுகிற நிதானத்தில் ஆடியது. வீட்டுக்குக் கொண்டுபோன குடத்துக்குள்ளும் அதே தாளத்தில் ஆடியது. உலையில் கொதி வந்த பிறகுதான் அடங்கியது. ஊர் முதலில் பயந்தது, பிறகு பஞ்சாங்கம் பார்த்தது, பிறகு பழகிக்கொண்டது. வண்ணார்கள் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார்கள், குளமே அலசிக் கொடுத்தது. தெப்பத்தை எப்படிக் கட்டி நிறுத்துவது என்று கோவிலில் கூட்டம் போட்டார்கள். ஆட்டத்தோடு சேர்ந்து ஆடிக்கொண்டே குடம் மொள்ளுகிற நடை ஒன்று பெண்களுக்குக் கைவந்தது, பிறகு அந்த நடை தெருவிலும் தொற்றிக்கொண்டது.

காரணத்தைக் கண்டவள் உதுமானின் மனைவி மைமூன். படித்துறையில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவள் நேரே செட்டியார் வீட்டுக்கு வந்து வாசலில் நின்றாள்.

"இது அலை இல்லே, செட்டியாரே. இது கப்பலாட்டம். எங்க மச்சான் கரைக்கு வந்தாலும் கொஞ்ச நாளைக்கு இப்படித்தான் ஆடிக்கிட்டு நிப்பாங்க. நீங்க என்ன கொடுத்து அனுப்புனீங்க?"

"ஒரே ஒரு சொட்டு, தாயி."

"ஒரு சொட்டுன்னு நீங்க சொல்றீங்க. விடை கொடுக்காம அனுப்புனா அது குளத்துக்குத் தெரியுமா?"

அன்று முதல் கலாசிகளின் வீட்டுப் பெண்கள் குளத்தங்கரையை விட்டு அகலவில்லை. இத்தனை காலம் கப்பல் போனால் போனதுதான், திரும்பி வந்தால் உண்டு என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தவர்கள், இப்போது அடுப்பையும் அம்மியையும் படித்துறைக்கே தூக்கிவந்து, "இன்னைக்கு நல்ல காத்து", "இன்னைக்குப் பாயைச் சுருட்டிட்டாங்க" என்று தண்ணீரைப் பார்த்துச் சொல்லிச் சமைத்தார்கள். ஒரு நாள் குளம் எழுந்து நின்று சீறி, மீன்களைத் தெருவில் வீசி, படித்துறைக் கல்லைப் பெயர்த்தபோது, மூன்று வேதத்துப் பெண்களும் சேர்ந்து அவரவர் சாமியைக் கூப்பிட்டு அழுதார்கள். ஆட்டம் தணிந்து மறுபடி தூளியானபோது மைமூன் மயங்கி விழுந்தாள். செட்டியாரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். அவருக்கும் பயம் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் பயத்துக்குப் பக்கத்திலேயே இதைப் பற்றி ஒரு நாலாம் கடிதம் எழுதலாமே என்ற ஆசையும் உட்கார்ந்திருந்தது.

பிறகு ஆட்டம் நின்றது. துளி கரை சேர்ந்துவிட்டது என்று ஊர் சர்க்கரைப் பொங்கல் வைத்தது. மார்கழியில் ஒரு காலை, மொள்ளப் போனவள் குடம் குளத்தில் மோதி நசுங்கியது. குளத்துக்கு யாரோ உறை ஊற்றிவிட்டார்கள் என்றார்கள், தயிரைத் தவிர வேறெதுவும் உறைந்து பார்த்திராதவர்கள். உலக்கையால் இடித்துப் பெயர்த்து, கட்டி கட்டியாகக் கூடையில் சுமந்து போய் உருக்கிக் குடித்தார்கள். ஆடுகள் குளத்தைக் குறுக்கே கடந்தன. ஒரு படித்துறைக்காரர்கள் அடுத்த படித்துறைக்கு நடந்தே போய்விட முடிந்ததால் புதிதாகச் சில சண்டைகளும், சொல்லக்கூடாது, ஒரு காதலும் உண்டாயின. வைத்தியர் அந்தக் கட்டியைப் பித்தத்துக்கு மருந்தென்று கொடுத்தார், சிலருக்குக் கேட்கவும் செய்தது.

குளிர் விட்டுக் குளம் இளகிய பிறகு, பங்குனியில், தண்ணீர் காரமாகிவிட்டது. ஊர் முழுக்க மிளகு போடாமலே ரசம் வைத்தார்கள். முதல் நாள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். மறுநாள் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. குழந்தைகள் குளித்துவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வீறிட்டன. செட்டியார் கையில் கொஞ்சம் அள்ளி முகர்ந்தார். இது என்னவென்று அவருக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. முதலில் குளிர், அப்புறம் மிளகு. அப்புறம் என்ன என்பதையும் அவரே எழுதியிருந்தார்.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. காரம் மெல்ல மெல்லக் குறைந்து, சித்திரை போய், வைகாசி போய், ஆனி வெயிலில் குளம் பாதியாக இறங்கி நின்ற காலத்தில், தினமும் விடிந்ததும் போய் விரலை நனைத்துச் சூடு பார்த்துவிட்டு வருவார். தையல்நாயகி கேட்டால், சும்மா என்பார். சாப்பாடு இறங்காமல் கழுத்தெலும்பு தெரிந்தது.

கப்பல் அந்த ஆனியில்தான் திரும்பியது. உதுமான் மனைவியைக்கூடப் பார்க்காமல், கடிதத்தோடு நேரே குளத்தங்கரை மண்டபத்துக்கு வந்தான். ஊரே கூடிவிட்டது. அருளப்பன் முத்திரையை உடைத்துப் படித்தார்.

துளி பழுதின்றி வந்து சேர்ந்தது. தங்கள் மூன்றாம் கடிதத்தில் கண்ட முறையை அடி பிசகாமல் நாங்களும் செய்துபார்க்கத் தீர்மானித்திருக்கிறோம். வருகிற பனிக்காலத்தில் துளியைக் குளிர்ந்த அறையில் வைப்போம். கூட்டத்தில், "அட, உறை ஊத்தினது அவனுங்கதானா!" என்று யாரோ சிரித்தார்கள். பனி விட்டதும் மிளகு தூவுவோம். இப்போது யாரும் சிரிக்கவில்லை. அருளப்பன் அடுத்த வரியைத் தமக்குள் படித்துவிட்டு, நிமிர்ந்து செட்டியாரைப் பார்த்தார்.

"படிங்க," என்றார் செட்டியார்.

"அருளப்பர் திருநாளன்று உச்சிப்பொழுதில், நகரத்துப் பிரபுக்கள் முன்னிலையில், துளியைச் சுடரின்மேல் பிடித்து முற்றும் சுண்டவைப்போம். தாங்கள் வருணித்த அழகைக் காண எல்லோரும் ஆவலாக இருக்கிறார்கள்." அருளப்பன் கடிதத்தை மடித்தார். "அது என் பேர்கொண்ட புனிதரோட திருநாள். நாளைக்கு."

"அங்கே உச்சின்னா நமக்குச் சாயங்காலம்," என்றான் உதுமான். "சூரியன் இங்கே வந்துட்டுத்தான் அங்கே போகும்."

அதற்குப் பிறகு ஊர் இரைந்த இரைச்சலைச் சொல்லி முடியாது. இருக்கிற தண்ணீரைக் குடத்தில் மொண்டு ஒளித்துவைக்கலாம் என்றார்கள். குடத்துத் தண்ணீரும் ஆடியதே, குடத்தோடு சேர்ந்தல்லவா அதுவும் சுண்டும்? ஊரைக் காலி செய்யலாம் என்றார்கள். தறியையும் தோணியையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் தூக்கிக்கொண்டு எங்கே போவது? கம்பெனித் துரையிடம் ஓடினார்கள். அவர் இரக்கத்தோடு கேட்டுவிட்டு, மனு எழுதிக் கொடுங்கள், அடுத்த கப்பலில் அனுப்புகிறேன் என்றார். செட்டியாரை யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மைமூன்தான் கேட்டாள். "அங்கே சொட்டு ஆடுனா இங்கே குளம் ஆடுது. இங்கே குளத்துல எதைப் போட்டாலும் அங்கே சொட்டுல தெரியணுமில்லே?"

"தெரியும்," என்றார் செட்டியார். அவருக்கே அப்போதுதான் உறைத்தது. "சுடவைக்கும்போது பார்த்துக்கிட்டேதான் சுடவைப்பாங்க."

"அப்ப நாம எறங்கி நிக்கலாம். மனுசரைக் கண்டா நிறுத்திட மாட்டாங்களா?"

கூட்டத்துக்குள்ளிருந்து தையல்நாயகி முன்னால் வந்தாள். ஊர் நடுவே புருஷனோடு பேசுகிறவள் இல்லை அவள்.

"என்னங்க, உண்மையைச் சொல்லுங்க. நீங்க அந்தச் சொட்டைச் சுண்டவச்சப்ப ஒண்ணு கையை ஆட்டுச்சே. அதைக் கண்டு நீங்க நிறுத்தலையே. உங்களை எது நிறுத்தியிருக்கும்?"

செட்டியார் யோசித்தார். அவமானத்தால் காது எரிந்தது, ஆனாலும் நாணயமாகவே யோசித்தார். கும்பிட்டிருந்தால்? எழுதி வைத்திருப்பார். அழுதிருந்தால்? சத்தம் கேட்டிருக்காது. நிறுத்து என்று அது கூவியிருந்தால்கூட, அடுத்து என்ன சொல்கிறது பார்க்கலாம் என்று திரியைத் தூண்டியிருப்பார். தாம் அப்பேர்ப்பட்ட ஆள்தான் என்று தெரிந்தபோது அவருக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

"அது எனக்குக் கடிதம் போட்டிருந்தா நிறுத்தியிருப்பேன்," என்றார் கடைசியில். "நான் எழுதினதுக்கு உள்ளேயிருந்து பதில் வந்திருந்தா, என் கை ஓடியிருக்காது."

கம்பெனிக் கிடங்கின் சாவி செட்டியாரிடம் இருந்தது. உள்ளே அடுத்த கப்பலுக்கான வெள்ளைத் துணி உத்தரம் தொட அடுக்கியிருந்தது. அதில் கை வைத்தால் வேலை போகும், முதுகுத் தோலும் போகும். திறந்துவிட்டார். நெசவாளிகளும் தையற்காரர்களும் மறுநாள் காலையில் சந்தைத் திடலில் உட்கார்ந்து துணியோடு துணி மூட்டினார்கள். சாயக்காரர்கள் கறுப்புச் சாயத்தைப் பானை பானையாகக் கொண்டுவந்தார்கள். அருளப்பன் துணிமேல் வெறுங்காலோடு நின்று, "மேன்மை தங்கிய சபையாரின் சமூகத்துக்கு" என்று வழக்கம்போல் ஆரம்பிக்கலாமா என்று கேட்டார்.

"அதுக்குத் துணி பத்தாது, பொழுதும் பத்தாது," என்றார் செட்டியார். "கடிதம் எழுதுறவன் எவனும் முதல்ல எழுதுறது எதுவோ, அதை எழுதுங்க. தங்கள் கடிதம் கிடைத்தது. அவ்வளவுதான்."

அருளப்பன் அந்நிய பாஷையில், ஆள் உயர எழுத்தில், அந்த வரியை வரைந்தார். வரைந்து முடித்து, கீழே யார் பேரைப் போட என்று கேட்டார். செட்டியார் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, வேண்டாம் என்று தலையசைத்தார்.

வெயில் சாயத் தொடங்கியபோது ஊர் குளத்தில் இறங்கியது. எல்லோரும் இல்லை, பயந்தவர்கள் கரையில் நின்றார்கள், அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. இறங்கியவர்கள் எந்தப் படித்துறை என்று பார்க்காமல் இறங்கினார்கள். கழுத்தளவு தண்ணீரில் வரிசையாக நின்று, தலைக்கு மேல் துணியை விளிம்போடு விளிம்பு இழுத்துப் பிடித்தார்கள். ஈரத் துணி கனத்தது. நடுவில், ஆழமான இடத்தில், கால்விரலை ஊன்றிச் செட்டியார் நின்றார். பக்கத்தில் தையல்நாயகி, அவளுக்கு அப்பால் மைமூனும் உதுமானும்.

முதலில் வெளிச்சம் வந்தது. சாய்ந்த சூரியனுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு வெளிச்சம் துணியை ஊடுருவி இறங்கியது. "கண்ணாடியைத் திருப்புறாங்க," என்றார் செட்டியார். "நேராப் பிடிங்க, மடிப்பு விழக்கூடாது." அந்த வெளிச்சம் அங்குமிங்கும் போயிற்று, நின்றது, மறுபடி போயிற்று. பிறகு பாதத்தின் அடியில் சேறு வெதுவெதுத்தது.

சூடு ஏறியது. குளித்தால் இதமாக இருக்கும் சூடு, பிறகு பிள்ளையைக் குளிப்பாட்ட முடியாத சூடு, பிறகு யாராலும் சும்மா நிற்க முடியாத சூடு. தண்ணீரின்மேல் ஆவி எழுந்தது. யாரோ ஓவென்று அழுதார்கள். மைமூன் ஓதிக்கொண்டிருந்தாள், ஓதல் நடுவில் முனகல் வந்தது. ஓரத்தில் சிலர் துணியை விட்டுவிட்டுக் கரையேற, அந்த ஓரம் தொங்கியது; கரையில் பயந்து நின்றவர்களே குதித்து அதைப் பிடித்தார்கள். தண்ணீர் கண் முன்னே வற்றிக் கழுத்திலிருந்து மார்புக்கு இறங்கியது. செட்டியார் கைகளை இன்னும் உயர்த்தினார். தோள் நடுங்க, கை தானாக ஆடியது. மேலேயிருந்து பார்ப்பவருக்கு இது எப்படித் தெரியும் என்று அவருக்குத் தெரிந்தது, அந்த நினைப்பு சூட்டைவிட மோசமாகச் சுட்டது.

"இன்னும் எவ்வளவு நேரம்?" என்றாள் தையல்நாயகி.

"படிக்கிற நேரந்தான்."

"படிக்கத் தெரியாதவங்களா இருந்தா?"

அவர் பதில் சொல்லுமுன் அது விழுந்தது. வானத்தில் மேகம் இல்லை. மேலே மினுங்கிக்கொண்டு ஏதோ உருண்டு திரண்டது, அவ்வளவுதான் பார்க்க முடிந்தது. துணி நடுவில் கிழிந்தது. ஒரு குளம் இன்னொரு குளத்தின்மேல் விழுந்த மாதிரி தண்ணீர் எழும்பி, எல்லோரையும் புரட்டி, படித்துறைகளைத் தாண்டித் தெருவில் ஓடி, திரும்பி வந்து நின்றது. ஆட்கள் இருமிக்கொண்டு எழுந்தார்கள். ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வர வர விசும்பினார்கள். ஒருவர் குறையவில்லை. தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது.

தையல்நாயகி உதட்டை நக்கிப் பார்த்தாள். "உப்பு," என்றாள். கடல் உள்ளே வந்துவிட்டது என்று கரையில் யாரோ அலறினார்கள். மைமூன் கையில் மொண்டு குடித்து, கண்ணை மூடி யோசித்து, "குடிக்கலாம். நம்ம கெணத்துக்கு இது தேவலாம்," என்று சத்தமாகச் சொன்ன பிறகுதான் அலறல் அடங்கியது.

செட்டியாரும் ஒரு கை அள்ளி வாயில் வைத்தார். கடலோரத்தில் பிறந்தவர், கடலின் உப்பு அவருக்குத் தெரியும். இது அது இல்லை.

"அழுதிருக்காங்க," என்றார்.

"யாரு?"

"கண்ணாடியில கண்ணை வச்சிருந்தவர். யாரோ ஒருத்தர். படிச்சிருக்கார்."

தையல்நாயகி அவர் பக்கம் திரும்பினாள். "அத்தனை வருஷம் பார்த்தீங்களே, நீங்க ஒரு தடவையாவது..." என்று தொடங்கியவள், அவர் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டாள்.

"இல்லே, தையல்," என்றார் விடங்கச் செட்டியார். "ஒரு தடவைகூட இல்லே."

சொல்லிவிட்டு, ஊரெல்லாம் பார்க்க, முகத்தை மூடிக்கொள்ளாமல், அந்தத் தண்ணீரில் நின்றபடியே அழ ஆரம்பித்தார்.